விடுமுறையும் விழாவும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

    

'குளிர்கால விடுமுறையும் குழந்தைகளும்' என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் எங்களைப் பணித்தார்கள். நாங்கள் கல்வி நூல் கற்ற அறிஞர் அல்லோம். செம்பூரில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில், ஏழு வயதுப் பெண்ணையும் மூன்று வயதுப் பையனையும் வளர்த்துவரும் கணவன் மனைவியர்; அவ்வளவே. ஆதலின், பொதுவான அறிவுரை சொல்லும் தகுதி எங்களுக்கு இல்லை. 2024 டிசம்பரிலும் அதனை அடுத்து வந்த 2025 ஜனவரியிலும் எங்கள் வீட்டில் நிகழ்ந்தவற்றையே உங்கள் முன் வைக்கின்றோம். அதில் எங்கள் பிழையும் உண்டு. அதனை மறைக்கப் போவதில்லை.

முதலில் நம் அனைவர்க்கும் பொதுவான இடர்ப்பாடு ஒன்றைச் சொல்லல் வேண்டும். தமிழ்நாட்டில் பொங்கல் என்றால் தொடர்ந்து மூன்று நாள் அரசு விடுமுறை. பொங்கல், திருவள்ளுவர் நாள், உழவர் திருநாள் என்று அங்கே வீடும் பள்ளியும் அலுவலகமும் ஒருங்கே விழாக் கொண்டாடுகின்றன. மராட்டிய மாநிலத்தின் பொது விடுமுறைப் பட்டியலிலோ அந்த நாளுக்கு இடமில்லை. நம் குழந்தைகளுக்குக் குளிர்காலத்தில் விடுமுறை கிடைப்பது கிறிஸ்துமஸ் வாரத்தில். நம்முள் கிறிஸ்தவக் குடும்பத்தினர்க்கு அவ்வாரத்தில் விடுமுறையும் விழாவும் கைகோத்து வருகின்றன. தாராவியின் சந்துகளில் அந்நாளில் வீட்டுக்கு வீடு தொங்கும் நட்சத்திர விளக்குகளைப் பார்த்து மகிழாத குழந்தை உண்டோ? ஏனைய குடும்பத்தினர்க்கோ விடுமுறை உள்ள நாளில் விழா இல்லை; விழா உள்ள நாளில் விடுமுறை இல்லை. இந்த இரண்டுக்கும் இடையே உள்ள மூன்று வாரத்தில்தான் எங்கள் கதை நடக்கின்றது.

எங்கள் அன்னையார் அம்பாசமுத்திரத்தை அடுத்த ஒரு சிற்றூரில், தாமிரபரணிக் கரையில் வாழ்கின்றார். தந்தையார் மறைந்து அப்போது இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஊரையும் வீட்டையும் விட்டுவர அவர் உடன்பட்டதில்லை. ஆண்டுதோறும் மே மாத விடுமுறையில் குழந்தைகளுடன் சென்று வருவோம். 2024 மே மாதத்தில் அலுவல் நெருக்கடியால் செல்ல இயலவில்லை. "டிசம்பரில் கட்டாயம் வருகிறோம் அம்மா" என்று சொல்லிவைத்தோம்.

சொல்லிவைத்தோமே தவிர, செய்யவேண்டியதைச் செய்யவில்லை. அக்காலத்தில் புகைவண்டி இருக்கைக்கு 120 நாள் முன்னதாகவே பதிவு செய்துகொள்ளலாம். 2024 நவம்பர் 1 ஆம் நாள் முதல்தான் அது 60 நாளாகக் குறைக்கப்பட்டது. டிசம்பர்ப் பயணத்துக்கு ஆகஸ்டிலேயே விழித்திருக்க வேண்டியவர்கள், அக்டோபர் நடுவில் கண் திறந்தோம். கிடைத்தது நீண்டதொரு காத்திருப்போர் பட்டியலின் கடைசி எண்.

சீட்டுக் கிடைக்கவில்லை என்பது உண்மை. ஆயினும் அது முழு உண்மை அன்று. பிற வழிகளைத் தேடியிருக்கலாம், தேடவில்லை. சிறு குழந்தைகளோடு ஏறத்தாழ ஒன்றரை நாள் பயணம் என்ற மலைப்பு ஒருபுறம். தந்தையார் இல்லாத திண்ணையைப் பார்க்கும் துணிவின்மை மறுபுறம். உள்ளத்தின் ஒரு மூலையில், "சீட்டு இல்லை" என்று சொல்ல ஒரு காரணம் கிடைத்ததே என்னும் ஆறுதலும் இருந்தது. இதனை இன்று இந்த அவையில்தான் முதன்முதலாக வாய்விட்டுச் சொல்லுகின்றோம்.

நம் முன்னோர் பயணத்தை நினைத்தால் நாணமே மிஞ்சுகின்றது. பம்பாயிலிருந்து வந்த இருப்புப்பாதையும் சென்னையிலிருந்து வந்த இருப்புப்பாதையும் ராய்ச்சூரில் கைகுலுக்கியது 1871 இல். அதன் பின்னரே நம்மவர் இந்நகருக்கு வண்டியேறி வரும் வழி எளிதாயிற்று. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தாராவியின் தோற்கிடங்குகளில் உழைத்தோரும், பின்னாளில் அலுவலகப் பணி தேடி வந்து மாட்டுங்காவில் குடியமர்ந்தோரும், கட்டுச்சோற்று மூட்டையும் தண்ணீர்க் கூசாவும் கைக்குழந்தையுமாக, வண்டி மாறி வண்டி மாறி ஊருக்குச் சென்று வந்தனர். அவர்களுக்குத் தொலைவு பெரிதாகத் தோன்றவில்லை. நமக்கோ எல்லா வசதியும் வந்த பின்னர்த் தொலைவு பெரிதாகத் தோன்றுகின்றது!

ஊர்ப்பயணம் கைவிடப்படவே, குழந்தைகள் ஏமாறக்கூடாதென்று மாதேரான் மலைக்குச் சென்றோம். சிறு குழந்தைகளோடு செல்ல அதனினும் ஏற்ற இடம் மும்பைக்கு அருகில் அரிது. 1850 இல், அந்நாளில் தாணா மாவட்ட ஆட்சியராக இருந்த ஹியூ மேலட் என்பவர் ஏறிக் கண்ட மலை அது. கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 800 மீட்டர் உயரம். பெட்ரோல் வண்டிகள் மலையடிவாரத்திலிருந்து ஏறி வந்து தஸ்தூரி முனையில் நின்றுவிடும். அதற்கு அப்பால் ஊருக்குள் நடையும் குதிரையுமே பெரும்பாலும் துணை. தெருவில் குழந்தையின் கையை விட்டுவிட்டு நடக்கலாம் என்னும் பேறு மும்பைப் பெற்றோர்க்கு எளிதில் வாய்ப்பதில்லை அன்றோ?

குர்லாவில் கர்ஜத் வண்டி ஏறி நெரலில் இறங்கினோம். அங்கிருந்து இரண்டடி அகலப் பாதையில் குழந்தை ரயில் புறப்படுகின்றது. ஆதம்ஜி பீர்பாய் குடும்பத்தார் தம் பொருளைச் செலவிட்டு 1907 இல் முடித்த பாதை அது. 2019 மழையில் சிதைந்து, செப்பனிடப்பட்டு, 2022 அக்டோபரில் மீண்டும் ஓடத் தொடங்கியது. ஏறத்தாழ 21 கிலோமீட்டரை ஏறிக் கடக்க இரண்டரை மணி நேரத்துக்கும் மேலாகின்றது. ஜும்மாபட்டி, வாட்டர்பைப், அமன் லாட்ஜ் என்று நின்று நின்று, வளைந்து வளைந்து அது ஏறுகையில், எங்கள் பையன் இருக்கையில் அமரவே இல்லை. வழியில் ஒரே ஒரு சிறு குகை. ஒரு முத்தம் கொடுக்கும் நேரத்தில் அது கடந்துவிடும் என்பதால் 'ஒன் கிஸ் டனல்' என்று அதற்குப் பெயர் வந்ததாம். அந்த இருளில் இரு குழந்தைகளும் கூவிய கூச்சலில் பெட்டியே சிரித்தது.

மூன்று நாள் தங்கினோம். அனுபவத்தில் கண்ட சிலவற்றைத் தாய்மார்களுக்குச் சொல்லிவிடுகின்றோம். கனத்த கம்பளிச் சட்டை ஒன்றைக் காட்டிலும் மெல்லிய பருத்திச் சட்டை இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக அணிவித்தலே நன்று. வெயில் ஏறியதும் ஒன்றைக் கழற்றிவிடலாம். காதை மூடும் குல்லா இன்றியமையாதது. தின்பண்டத்தைக் கையில் ஏந்திச் செல்லலாகாது. குரங்குகள் உரிமையோடு வந்து வாங்கிக்கொள்ளும். காலையில் சுற்றுதல், நண்பகலில் உறங்குதல், மாலையில் ஒரே ஓர் இடம் பார்த்தல் என்பதே சிறு குழந்தைகளுக்கு ஏற்ற முறை. எல்லா முனைகளையும் பார்த்துத் தீர்ப்போம் என்று புறப்பட்டால் பெரியவர்களுக்குச் சினமும் சிறியவர்களுக்குக் காய்ச்சலும்தான் மிஞ்சும். மலையெங்கும் செம்மண். எங்கள் மகள் தன் தண்ணீர்ப் புட்டி நிறைய அந்த மண்ணை அள்ளி நிரப்பிக்கொண்டாள். "எதற்கம்மா?" என்று கேட்டதற்கு, "நன்றாக இருக்கிறதே" என்றாள். வேறு காரணம் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

இரண்டாம் நாள் மாலை, தேநீர்க் கடையில் ஒரு முதிய தமிழ்த் தம்பதியரைக் கண்டோம். தாராவியில் நெடுங்காலம் வாழ்ந்தவர்கள். பெரியவர் எங்கள் மகளை அருகழைத்து, "பாப்பாவுக்குச் சொந்த ஊர் எது?" என்று கேட்டார். அவள் எங்கள் முகத்தைப் பார்த்து, "சொந்த ஊர் என்றால் என்ன?" என்றாள். பெரியவர் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். ஆனால் அந்தச் சிரிப்பு நெஞ்சுக்குள் இறங்கவில்லை.

அன்றிரவு அன்னையாரைத் தொலைபேசியில் அழைத்து, முகம் தெரியுமாறு பையன் கையில் கொடுத்தோம். குதிரையும் குரங்கும் குகையும் அவன் வாயில் பொங்கி வழிந்தன. ஐந்து நிமிடம் இடைவிடாது பேசினான். பேசியது முழுவதும் இந்தியும் மராட்டியும். அன்னையார் பொறுமையோடு கேட்டிருந்துவிட்டு, "பிள்ள என்னய்யா சொல்லுதான்?" என்றார்.

பெரியோர்களே! எங்கள் மகன் தன் ஆச்சியிடம் சொன்னதை நாங்கள் மொழிபெயர்த்துச் சொன்னோம். வெளிநாட்டுத் தூதருக்கு மொழிபெயர்ப்பது போலச் சொன்னோம்.

எல்லாவற்றையும் கேட்ட பின் அன்னையார், "அங்கன குளிரு சாஸ்தியோ? நீங்க வருவியன்னு ரெண்டு கம்பளிய வெயில்ல காயப்போட்டு வச்சிருந்தேன். சரி, பத்திரமா இருங்க" என்று கூறி முடித்துக்கொண்டார். குறை ஒன்றும் சொல்லவில்லை. குறை சொல்லியிருந்தால் அன்றிரவு நாங்கள் உறங்கியிருப்போம்.

பொழுது விடிந்ததும் மீண்டும் அழைத்தோம். "எங்களால் வர முடியவில்லை, பொங்கலுக்கு நீங்கள் வாருங்கள் அம்மா" என்று மன்றாடினோம். தாராவியில் வாழும் எங்கள் பெரியப்பா மகன் அப்போது ஊரில் இருந்தார். அவர் திரும்பிவரும் வண்டியிலேயே எப்படியோ ஒரு தட்கல் சீட்டும் கிடைத்தது. 2025 ஜனவரி 11 ஆம் நாள், ஒரு பை நிறைய அரிசியோடும், அந்த இரண்டு கம்பளியோடும், அன்னையார் தாதர் நிலையத்தில் இறங்கினார்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. எங்கள் எதிர்வீட்டில் ஒரு மராட்டிய மூதாட்டி வாழ்கின்றார். நாங்கள் இருவரும் பணிக்குச் சென்ற பின் பையனைப் பார்த்துக்கொள்ளும் புண்ணியவதி அவர். மராட்டியில் பாட்டியை 'ஆஜி' என்பர். நெல்லையில் 'ஆச்சி' என்கின்றோம். "இதோ பார், ஆச்சி வந்திருக்கிறார்கள்" என்று சொன்னதும், பையன் எதிர்வீட்டுக் கதவைக் காட்டி, ஆஜி அங்கே அன்றோ இருக்கின்றார் என்பது போல எங்களைப் பார்த்தான். எழுத்தொன்று மாறிய இரு சொற்கள்; அவற்றுள் ஒன்றுக்குத்தான் அவன் உள்ளத்தில் உருவம் இருந்தது.

பொங்கல் நாள் ஜனவரி 14, செவ்வாய்க்கிழமை. பள்ளி உண்டு. மகளுக்கு விடுப்புக் கடிதம் எழுத அமர்ந்தோம். பழக்கம் காரணமாகக் கை 'காய்ச்சல்' என்று எழுதப் போயிற்று. மகள் எட்டிப் பார்த்து, "எனக்குக் காய்ச்சல் இல்லையே!" என்றாள். அன்னையாரும், "நல்ல நாளும் அதுவுமா பிள்ளைக்கு நோயை எழுதாதிய" என்றார். கிழித்துவிட்டு, 'இன்று எங்கள் பொங்கல் விழா. ஆதலின் விடுப்பு வேண்டும்' என்று உள்ளபடியே எழுதினோம். விடுப்பும் கிடைத்தது, மறுநாள் வகுப்பில் பொங்கலைப் பற்றி இரண்டு சொல் பேசும் வாய்ப்பும் அவளுக்குக் கிடைத்தது. இத்தனை ஆண்டுகளாக விழாவுக்கு நோயின் பெயரைச் சூட்டியது யாருடைய குற்றம்? அரசின் பட்டியலைக் குறை கூறுமுன் நம் எழுதுகோலைக் குறை கூறிக்கொள்ளல் வேண்டும்.

விடியலிலேயே தாராவிக்குச் சென்றோம். தொண்ணூறடிச் சாலையில் அன்று வரிசை வரிசையாக அடுப்பு மூட்டிப் பெண்கள் பொங்கலிடும் காட்சியை நீங்கள் அறிவீர்கள். அண்ணன் வீட்டாரோடு எங்கள் அடுப்பும் அங்கே எரிந்தது. பானை, தாராவிக் கும்பர்வாடாவில் தலைமுறை தலைமுறையாகத் தொழில் செய்துவரும் குஜராத்திக் குயவர் வனைந்தது. வெல்லம் கோலாப்பூரிலிருந்து வந்தது. கரும்பும் மஞ்சள் கொத்தும் மாட்டுங்காச் சந்தையில் வாங்கியவை. அரிசி மட்டும் தாமிரபரணி நீர் குடித்து விளைந்தது. எண்ணிப் பார்த்தால், மும்பைத் தமிழனின் வாழ்வே அந்தப் பானைதான். நாடு பல கூடி அதனை ஆக்குகின்றன. ஆனால் உள்ளே இருக்கும் அரிசி நம்முடையதாக இருந்தால்தான் அதற்குப் பொங்கல் என்று பெயர்.

பால் பொங்கியபோது எழுந்த குலவை ஒலியில் பையன் அஞ்சி ஆச்சியின் சேலைக்குள் முகம் புதைத்தான். எங்களிடம் ஓடி வரவில்லை. அன்னையார் அவன் தலையைத் தடவிக்கொண்டே நின்றார். அந்த ஒரு காட்சிக்காகவே எத்தனை சீட்டுக்கும் எத்தனை நாள் காத்திருக்கலாம்.

அடுத்த ஞாயிறு, 19 ஆம் நாள், எங்கள் வீட்டில் இரு விழாக்கள் ஒன்றாயின. நெல்லைச் சீமையில் தை மாதத்தில் சிறுமியர் முற்றத்தில் சிறு வீடு வரைந்து, சிறு அடுப்பில், சிறு பானையில் பொங்கலிடுவர். சிறுவீட்டுப் பொங்கல் என்பது அதன் பெயர். மூன்றாம் மாடியில் முற்றம் ஏது? உப்பரிகையின் ஒரு மூலையையே அன்னையார் முற்றமாக்கினார். கோலத்துக்குச் செம்மண் கரை கட்டவேண்டுமே என்று அவர் தேடியபோது, மகள் ஓடிச்சென்று தன் தண்ணீர்ப் புட்டியைக் கொண்டுவந்தாள். மாதேரான் மண், சிறு வீட்டின் சுவராயிற்று!

மராட்டியர்க்கும் சங்கராந்தி முதல் ரதசப்தமி வரை குழந்தைகளுக்குச் செய்யும் சடங்கு ஒன்று உண்டு. 'போர்நஹாண்' என்பர். சிறு குழந்தைக்குக் கறுப்பு உடை உடுத்தி, சர்க்கரை மணிகளால் ஆன நகை பூட்டி, இலந்தைப் பழமும் பொரியும் கரும்புத் துண்டும் தலைமேல் சொரிவர். எதிர்வீட்டு ஆஜி எங்கள் பையனுக்கு அதனைச் செய்ய விரும்பினார். கறுப்பு உடையைக் கண்டதும் அன்னையாரின் முகமும் கறுத்தது. "நல்ல நாள்ல கறுப்பா?" என்றார். ஆஜி மராட்டியில் ஏதோ சொன்னார். நாங்கள் வாய் திறக்குமுன் எங்கள் மகள் முன்வந்து, "ஆச்சி, இது குளிர்காலம் இல்லையா? கறுப்பு உடுத்தினால் சூடாக இருக்குமாம். அதனால்தான் இந்த ஒரு பண்டிகைக்கு மட்டும் கறுப்பாம்" என்று தமிழில் சொன்னாள். அன்னையார் சற்று எண்ணிப் பார்த்து, "அப்பம் சரி" என்றார். பின்னர்த் தட்டிலிருந்த இலந்தைப் பழத்தைக் கண்டதும் தம் இளமைக் காலமே அவர் முகத்தில் வந்து நின்றது. இரு முதியவரும் இரு பக்கம் நின்று பையனின் தலைமேல் இலந்தைப் பழம் சொரிந்தனர். மலையில் மொழிபெயர்த்தவர்கள் நாங்கள். அன்று மொழிபெயர்த்தவள் எங்கள் மகள். முன்னது எங்களுக்கு வெட்கம். பின்னது எங்களுக்குப் பெருமை.

இதனோடு எல்லாம் இனிது முடிந்தது என்று சொன்னால் பொய்யாகும். அம்மாத இறுதியில் அன்னையார் ஊர் திரும்பினார். "வீட்ல விளக்குப் பொருத்த ஆளில்லையே" என்றார். தடுக்க எங்களுக்கு உரிமை ஏது? மூன்று வாரத்துக்குள் பையனுக்குத் தமிழ் வந்துவிடவும் இல்லை. ஆனால் அவர் ஊர் சேர்ந்த மறுநாள் தொலைபேசியில் முகம் கண்டதும், "ஆச்சி, வா" என்றான். இரண்டே சொல். மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

அன்பர்களே! எங்கள் கதையிலிருந்து சங்கத்தின் முன் சில வேண்டுகோள்களை வைத்து உரையை முடிக்கின்றோம்.

பொங்கலை அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமையில், ஆண்டுதோறும் சங்க முற்றத்தில் குழந்தைகளுக்காகவே சிறுவீட்டுப் பொங்கல் நடத்தலாம். அண்டை அயலில் வாழும் மராட்டியக் குழந்தைகளையும் அதற்கு அழைக்கலாம்.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் மூன்று காலைப்பொழுதுகள் போதும். நம் முதியோர் வந்து கதை சொல்லட்டும், குழந்தைகள் கேட்கட்டும். மாநகராட்சி இன்றும் தமிழ்வழிப் பள்ளிகளை நடத்தி வருகின்றது. அங்கே பயிலும் பிள்ளைகளையும், ஆங்கிலவழிப் பள்ளியில் பயிலும் எங்கள் பிள்ளைகள் போன்றோரையும் அக்கதை வகுப்பில் ஒன்றாக அமர்த்துவோம். தமிழ் தெரிந்த குழந்தையைக் காட்டிலும் சிறந்த ஆசிரியர் தமிழ் தெரியாத குழந்தைக்கு இல்லை.

விழா நாளில் விடுப்பு எழுதுவோர் விழாவின் பெயரையே எழுதுவோம்.

இறுதியாக, 60 நாள் முன்னதாகப் பதிவுச் சாளரம் திறக்கும் நாளைச் சங்க நாட்காட்டியில் சிவப்பு மையால் குறித்துத் தருமாறு செயலாளரை வேண்டுகின்றோம். இதனைக் கேட்டு நீங்கள் சிரிக்கின்றீர்கள். எங்களுக்கு அது சிரிப்பன்று.

மலைக்குச் செல்வது தவறு என்று நாங்கள் சொல்லவில்லை. குழந்தைகள் மலையையும் காணட்டும், கடலையும் காணட்டும். ஆனால் எங்கே சென்று திரும்பினாலும், கண்டதைத் தம் ஆச்சியிடம், ஆச்சியின் மொழியில் சொல்லும் வாய் அவர்களுக்கு இருக்கட்டும். அதனைக் கொடுக்க வேண்டியவர்கள் நாமே. சொல்லிக்கொடுக்க நமக்கும், கேட்டு மகிழ அவர்களுக்கும், இருக்கின்ற காலம் அளவுடையது.